படம் விட்ட பின்

தான் பார்த்திராத ஒரு திரைப்படத்தைப் பற்றி மனிதன் உறுதியான அபிப்பிராயம் வைத்திருப்பதை எவரும் ஒரு குறையென்றே சொல்வர். ஆயினும் கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த மலைநாட்டு ஊர்களையும் பொறுத்தமட்டில், ஒரு தலைமுறைக் காலம் அது தவிர்க்கமுடியாத நியதியாக இருந்ததோடு, ரசனைக்கு ஒருவகைப் பயிற்சியாகவும் அமைந்தது என்பதை அக்காலத்தை அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். படம் வருவதற்கு நெடுநாள் முன்னரே அதன் பாட்டு வந்துவிடும். பாட்டுக்குப் பின்னால் வசனம் வரும். வசனத்துக்குப் பின்னால், சென்னையிலிருந்து வரும் பத்திரிகைகளில் அதன் குணதோஷ விசாரணை வரும். இவ்வளவும் வந்து, கேட்டவர்களும் படித்தவர்களும் தத்தம் பட்சத்தை வகுத்துக்கொண்டு, அதற்காக நண்பர்களோடு இரண்டொரு தடவை பேச்சுவார்த்தை அற்றுப்போன பின்னர்தான் படப்பெட்டி வந்து சேரும்.

இந்த விசித்திரத்துக்கு முதற்காரணம் வானொலி. 1950 இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, தமிழகத்துத் திரைப்பாடல்களைத் தமிழகத்துக்கே திருப்பிக் கேட்பித்த பெருமையை உடையது என்பது யாவரும் அறிந்த விஷயம். எஸ். பி. மயில்வாகனனார் வளர்த்துவிட்ட அந்தச் சேவையில் பின்னாளில் கே. எஸ். ராஜா, படங்களின் வசனத் துணுக்குகளையும் பாடல் துணுக்குகளையும் தமது மின்னல்வேகக் குரலோடு இணைத்து ‘திரைவிருந்து’ படைக்கையில், கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் படத்தைப் பார்த்துவிட்டது போன்ற பிரமையும், பார்க்காவிட்டால் ஜன்மம் விருதா என்ற ஏக்கமும் ஒருங்கே உண்டாகும். இரண்டாவது காரணம் அரசாங்கத்தின் கொள்கை. உள்நாட்டுப் படத்தொழிலைக் காக்கவும் அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்கவும் 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றி, வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதிலிருந்து, தமிழகத்தார் கொண்டாடி மறந்துபோன படம் இங்கே புத்தம்புதுப் படமாக வந்து நிற்பது சகஜமாயிற்று. நோக்கத்தில் பழுதில்லை என்றாலும், நடுவில் கிடந்து தவித்தவன் ரசிகன். தவித்த காலத்தை அவன் வீணாக்கவில்லை, பேசியே கழித்தான்.

கண்டிக்கு வடகிழக்கே, பாத்ததும்பறைப் பகுதியில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் செறிந்து வாழும் மடவளை பஸாரை இந்தப் பேச்சுக்கு ஓர் உதாரண ஸ்தலமாகக் கொள்ளலாம். மார்க்கப்பற்று மிகுந்த ஊர். படம் பார்ப்பதில் பெரியவர்களுக்கு அன்றும் சம்மதமில்லை, இன்றும் பலருக்கு இல்லை. ஆனாலும் நோன்புப் பெருநாளிலோ ஹஜ்ஜுப் பெருநாளிலோ, தொழுகையும் விருந்தும் முடிந்து கையில் பெருநாட்காசு சேர்ந்தவுடன், புதுச் சாரம் உடுத்த வாலிபர்கள் கண்டி பஸ்ஸில் ஏறுவார்கள் என்பதும், றீகல் படமாளிகையிலோ வெம்பிளியிலோ கலரி டிக்கட்டுக்கு வரிசையில் நிற்பார்கள் என்பதும் வீட்டாருக்குத் தெரியாத இரகசியங்கள் அல்ல. அந்தக் கலரியில் அவர்களுக்கு இருபுறமும் வத்தேகமைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளியும், கண்டி நகரத்துக் கடைச் சிப்பந்தியும், பாட்டுக்காகவே தமிழ்ப்படம் பார்க்க வந்த சிங்கள நண்பரும் இருப்பார்கள். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலையனுபவம் பெற்ற முதல் இடம் படமாளிகையே என்றும், அங்கே ஆசனம் பிறப்பைக் கொண்டல்லாமல் டிக்கட்டின் விலையைக் கொண்டே நிர்ணயமாயிற்று என்றும் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டியிருப்பதை, நூல்களைப் படிக்காமலே கலரி ரசிகன் அனுபவத்தில் அறிந்திருந்தான்.

படம் விட்டபின் நடப்பதுதான் நமது விஷயம். திரும்பி வந்தவர் பஸாரில் இறங்கித் தேத்தண்ணீர்க் கடை வாங்கிலில் உட்காருமுன்னரே விசாரணை ஆரம்பமாகிவிடும்.

“படம் எப்படி நானா?”

“பாட்டுக்காகப் போகலாம் தம்பி. கதைக்காகப் போனா பஸ் காசும் நட்டம்.”

“இடைவேளை வரைக்கும் நல்லம் என்டு சொன்னாங்களே?”

“இடைவேளையில வடை நல்லம்.”

இந்த நான்கு வரிகளில் ஒரு பத்திரிகை விமர்சகர் இரண்டு பக்கங்களில் சொல்லக்கூடியது அடங்கியிருக்கிறது என்று சொன்னால், அதைச் சமத்காரமான பேச்சைக் கண்டு மயங்கிய வார்த்தையாக எண்ணிவிடலாகாது. இதன் பெறுமதி சாமர்த்தியத்தில் இல்லை. சொல்லுகிறவர் யார் என்பது கேட்கிறவருக்குத் தெரியும் என்பதிலேயே இருக்கிறது. இந்த நானா அழுகைப் படமென்றால் கொட்டாவி விடுவார், சண்டைப் படமென்றால் இரண்டாம் முறையும் போவார், கதாநாயகி யாராயிருந்தாலும் அவருக்கு அக்கறையில்லை. இவ்வளவையும் கடையில் இருக்கிற எல்லோரும் பல வருஷப் பழக்கத்தில் அறிந்திருக்கிறார்கள். ஆகையால் அவருடைய தீர்ப்பை அப்படியே விழுங்காமல், அவரவர் தமக்கேற்றபடி கழித்தும் கூட்டியும் எடுத்துக்கொள்கிறார்கள். “நானா இழுவை என்டு சொன்னா எங்கட உம்மாவுக்குக் கட்டாயம் புடிக்கும்” என்று ஒருவன் முடிவு கட்டுகிறான். முடிவு சரியாகவும் இருக்கும். தராசில் இவ்வளவு குற்றம் உண்டென்று தெரிந்த வியாபாரி அதைக் கழித்துப் பார்த்துச் சரியான நிறையைச் சொல்லிவிடுவதில்லையா? பக்ஷபாதம் இல்லாத விமர்சகனைத் தேடி அலைவதைவிட, இன்ன பக்ஷபாதம் உடையவன் என்று நன்கு தெரிந்த ஒருவனைக் கேட்பதே ரசிகனுக்கு இலாபம் என்பது எனது துணிபு.

அச்சில் வந்த விமர்சனங்களிலும் இந்த விதி பிசகியதில்லை. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் ஆடல் பாடல் பகுதியை எழுதிய காலத்தில், வாசகர்களுக்கு அந்த எழுத்தின் குறும்பும் பிடிவாதமும் மனப்பாடமாயிருந்தமையால், அவர் எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதைக் கொண்டே எதைப் பார்க்கலாமென்று அவர்கள் தீர்மானித்தார்கள். பிற்காலத்தில் அதே விகடன் படங்களுக்கு மதிப்பெண் போடத் தொடங்கி, 1977 இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 கொடுத்தபோது, நூற்றுக்கு அறுபத்திரண்டரை எப்படிப் பெரிய வெற்றியாகும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாத்தியாரின் கை எவ்வளவு இறுக்கம் என்பது நாடறிந்த சங்கதி.

ஆளை அறிவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஒவ்வொரு ரசிகனும் ஏதோ ஒரு துறையில் பண்டிதன். அந்தத் துறை திரையில் வரும்போது அவனை ஏமாற்ற எந்த இயக்குநராலும் ஆகாது. பீம்சிங்கின் ‘பாவ மன்னிப்பு’ 1961 இல் வெளியானது. பிறப்பில் இந்துவாகி முஸ்லிம் வீட்டில் வளரும் ரஹீமாகச் சிவாஜி கணேசன் நடித்த அந்தப் படத்தை மடவளையார் பார்க்கையில், நடிப்பின் உயரத்தை அளப்பதற்கு முன்னர், ஸலாம் சொல்லும் தோரணை சரியா, தொப்பி சரியா, வீட்டுப் பேச்சு நம் வீட்டுப் பேச்சா என்பதையே கண் முதலில் தேடும். டி. எம். சௌந்தரராஜனோடு நாகூர் ஹனீபாவின் குரலும் சேர்ந்து ஒலித்தபோது, இஸ்லாமியப் பாடல்களினால் ஏற்கனவே தங்கள் வீடுகளுக்குள் வந்திருந்த ஒரு மனிதரைப் படமாளிகையில் சந்தித்த சந்தோஷம் அவர்களுக்கு ஏற்பட்டிருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

தோட்டத்துப் பெண்மணிகளின் கண் இன்னும் கூர்மையானது. 1963 இல் வந்த ‘தோட்டக்காரி’, இலங்கையில் எடுக்கப்பட்ட ஆரம்பகாலத் தமிழ்ப் படங்களில் ஒன்று. அதன் பின்னர் அரை நூற்றாண்டு சென்று, பி. எச். டேனியலின் ஆங்கில நாவலைத் தழுவிப் பாலா ‘பரதேசி’யை எடுத்தார், அது ஆனைமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் கொடுமையைச் சொல்லுவது. கதை எவ்வளவு உருக்கமானதாயினும், கொழுந்து பறித்துப் பழகிய கைக்குரியவள் முதலில் திரையிலுள்ள கையைத்தான் பார்ப்பாள். ஈரிலையும் குருத்துமாகக் கிள்ளுகிறார்களா, இலையை உருவுகிறார்களா. கூடைக் கயிறு தலையில் எந்த இடத்தில் தங்குகிறது. நிறுவைக்கு நிற்கும்போது கங்காணியைப் பார்க்கும் பார்வையில் அந்தப் பயம் இருக்கிறதா. நகரத்து விமர்சகர் ஒளிப்பதிவையும் பின்னணி இசையையும் பற்றி எழுதுவார், எழுதட்டும். இவள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அவருடைய கட்டுரையில் இடமிருப்பதில்லை என்பதே வருத்தம்.

ஹொலிவூட்டுக்காரரும் இந்தப் பரீட்சைக்குத் தப்பவில்லை. இந்தியாவில் படமெடுக்க அனுமதி கிட்டாமற்போகவே, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1983 இல் கண்டிக்கு வந்து, ‘இந்தியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாவது படத்துக்கான வெளிப்புறக் காட்சிகளை இம்மலைகளில் எடுத்தார். அதன் பிரசித்திபெற்ற தொங்குபாலம், அப்பொழுது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கட்டுப் பகுதியில், மடவளையிலிருந்து அதிக தூரமில்லாத மகாவலிப் பள்ளத்தாக்கில் கட்டப்பட்டது. அடுத்த வருஷம் படம் வெளியாகி உலகமெல்லாம் இருக்கை நுனியில் உட்கார்ந்து பார்த்தது. கண்டியார் மாத்திரம், வடஇந்தியக் கிராமமென்று காட்டப்பட்ட இடத்தில் ஜனங்கள் சிங்களத்தில் முறையிடுவதைக் கேட்டுச் சிரிக்கும் பாக்கியம் பெற்றார்கள். அக்கிராமத்து மந்திரவாதிக் கிழவராக வந்தவர் சிங்களத் திரையின் மூத்த நடிகர் டி. ஆர். நாணயக்கார. அவரை அடையாளம் கண்டுகொண்ட ரசிகனுக்குப் படத்தின் மர்மம் கொஞ்சம் குறைந்திருக்கலாம், ஆனந்தம் குறைந்திராது. 2000 ஆம் ஆண்டில் ‘தெனாலி’யில் கமல்ஹாசன் பேசிய இலங்கைத் தமிழைக் குறித்தும் இவ்வூர்களில் சர்ச்சை எழாமல் இருந்திருக்க முடியாது. அது யாழ்ப்பாணத்துப் பேச்சைத் தழுவியது. இலங்கையர் எல்லோரும் அப்படியே பேசுவதாகத் தமிழகத்தார் எண்ணிக்கொள்ள, மடவளையான் பேசும் தமிழ் எந்தப் படத்திலும் ஏறாமல் பஸாரிலேயே நின்றுவிட்டது.

படத்தைப் பற்றிய இப்பேச்சுக்குக் கெட்ட குணங்களும் உண்டு. எம். ஜி. ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று பிரிந்து நின்று, எதிர்க்கட்சி நடிகரின் படத்தைப் பாராமலே பழித்த காலம் இங்கும் இருந்தது. எம். ஜி. ஆர். 1917 இல் பிறந்தது இதே கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் என்பதால், அவர் கட்சியாருக்கு மண்ணுரிமை வேறு சேர்ந்துகொண்டது. அதற்கு மறுமொழி சொல்ல முடியாமல் சிவாஜி ரசிகர்கள் திணறுவார்கள். 2013 இல் ‘விஸ்வரூபம்’ தமிழகத்தில் வெளிவருமுன்னரே தடைப்பட்டு நின்ற நாட்களிலும், படத்தைப் பார்த்தவர்களைக் காட்டிலும் பாராதவர்கள் அதிகம் பேசினார்கள். பாராமற் பேசுவதிலும் கொடியது, பார்த்தவன் முடிவைச் சொல்லிவிடுவது. இதில் நமக்கு நல்ல ஆசான் ஒருவர் இருந்தார்: படமாளிகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கத்தை அது விறுவிறுப்பான இடம் வரையில் கொண்டுபோய், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும்.

1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 இல் ரூபவாஹினியும், அவற்றை அடுத்து வாடகை வீடியோ டெக்கும் வந்தன. ஓர் இரவுக்கு டெக் எடுத்து மூன்று படங்களை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு, காலையில் எந்தக் கதை எந்தப் படத்துக்குரியது என்ற மயக்கம் ஏற்பட்டதே தவிர, பேசுவதற்கு அதிகம் மிஞ்சவில்லை. ஆனால் டெக் வைத்த வீட்டு மண்டபத்தில் பெண்கள் முதன்முறையாகத் தாராளமாக உட்கார்ந்து, படம் ஓடுகையிலேயே தம் அபிப்பிராயங்களை உரக்கச் சொன்னார்கள். கலரி கேட்டிராத விமர்சனம் அது. அதனாலேயே அந்தப் பெட்டியை மன்னித்துவிடலாம். இன்று படம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அபிப்பிராயமும் கூடவே வருகிறது, யாருடையதென்று தெரியாமல். தராசின் குற்றத்தை எப்படிக் கழிப்பது?

பேச்சு பேச்சோடு போய்விடும் என்று நினைக்கிறவர்கள், 1947 இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் கல்கத்தாவில் ஒரு திரைப்படச் சங்கம் அமைத்துப் படங்களைப் பார்த்து வாதித்ததையும், எட்டு வருஷத்துக்குப்பின் ராயிடமிருந்து ‘பதேர் பாஞ்சாலி’ பிறந்ததையும் நினைத்துக்கொள்ளலாம். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த சிறுவன் பாலு மகேந்திரா, கித்துல்கலையில் ‘குவாய் நதிப் பாலம்’ படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போய், சினிமாவின்மேல் மோகம் கொண்டு திரும்பிப் பின்னாளில் படமெடுத்ததும் நமது நாட்டுச் சங்கதிதான்.

படம் எடுத்தவர்களின் சரித்திரத்தைத் தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’ என்று எழுதி வைத்தார். பார்த்தவர்களின் சரித்திரமும் எழுதப்படவேண்டும். மடவளையிலும் வத்தேகமையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அந்தக் கலரியில் உட்கார்ந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பெட்டிகளின் அடியில் பாட்டுப் புத்தகங்களும், ஒருவேளை வானொலிக்கு எழுதி அனுப்பாமல் விட்ட தபாலட்டைகளும் கிடக்கக்கூடும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், பழைய கடதாசி என்று எறிந்துவிடாதீர்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்தாரிடம் சேர்ப்பியுங்கள். அதற்கு முன்னர், பெட்டிக்குரியவரை உட்காரவைத்து, எந்தப் படத்தை எதற்காகப் பிடிக்கவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.