வீட்டுக்கு மதில் கடலுக்குள்ளே!

முத்துக்குப் பேர் போன தூத்துக்குடிக் கடற்கரை. அங்கே ஒரு மீனவர் குடும்பம் புது வீடு கட்டிக் குடிபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாடி கிடையாது. ஒரே தளம். ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. மேலே கான்கிரீட் கூரை. வாசலில் வலை உலர்த்த இடம். சாமியார் வந்து வீடு மந்திரிக்கிறார். அடுப்பில் பால் பொங்குகிறது. வீட்டார் மனமும் பொங்குகிறது!

சுவர் சிமெண்டுக் கல்லால் ஆனது. பழைய வீடுகளில் இருந்த ஒரு பொருள் இதில் இல்லை. அது இல்லாததே இந்த வீட்டுக்குப் பாதுகாப்பு! அது என்ன?

பவளக்கல்!

கடல் தந்த கல்

முன்பெல்லாம் இந்தக் கரையில் வீடு கட்டக் கடலிலேயே கல் வெட்டினார்கள். முருகைக்கல் என்று அதற்குப் பெயர். படகில் ஏற்றிக் கரை சேர்ப்பார்கள். அது சுவருக்குக் கல் ஆயிற்று. சூளையில் சுட்டால் சுண்ணாம்பு ஆயிற்று. தொழிற்சாலைகளுக்கும் போயிற்று.

ஆனால் அது சாதாரணக் கல் அல்ல. பவளப் பூச்சி என்னும் சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய கூடு அது. ஒரு தலைமுறை கட்டியதன் மேல் அடுத்த தலைமுறை கட்டும். சில வகைப் பவளங்கள் ஓர் ஆண்டில் ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. மனிதன் ஒரே நாளில் வெட்டி எடுப்பதை மீண்டும் கட்டப் பல ஆண்டுகள் வேண்டும்.

மூழ்கிய தீவுகள்

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் மதில் போல நின்றன. பாறையை வெட்டியதால் அலை நேரே தீவில் மோதியது. மணல் கரைந்தது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மறைந்தே போயின!

1986-ம் ஆண்டு இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் சேர்க்கப்பட்டது. இருந்தும் கல் வெட்டுவது அடியோடு நிற்கவில்லை.

பிறகு வந்தது, 2004 டிசம்பர் 26. சுனாமி! தூத்துக்குடிக் கரையில் சேதம் மற்ற இடங்களைவிடக் குறைவு. இலங்கை பெரிய தடுப்பாக நின்றது. தீவுகளும் பவளப்பாறைகளும் அலையின் வேகத்தைத் தணித்தன என்று ஆய்வாளர்கள் கூறினார்கள். கரையில் உள்ளவர்களுக்கு உண்மை புரிந்தது. அதன் பின் கல் வெட்டுவது அநேகமாக நின்று போயிற்று.

இரண்டு மதில்கள்

ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளிலும் பழைய கிராம வீடுகள் ஒரே தளம்தான். அங்கே புயல் அதிகம். ஆகவே வீட்டைத் தாழ்வாகக் கட்டி, சுற்றிலும் பவளச் சுண்ணாம்புக் கல்லால் மதில் எழுப்பினார்கள். அவர்கள் மதில் கரையில் நிற்கிறது. நம்முடைய மதிலோ கடலுக்குள் நிற்கிறது!

அந்த மதிலைப் பழுது பார்க்கும் வேலையும் நடந்தது. தேய்ந்துகொண்டே வந்த வான் தீவுக்கு அருகே, 2015-ம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கான செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. அவை அலையைத் தடுக்கும். மீன்களும் அவற்றில் குடியேறும்.

புது வீட்டின் சுவரையும் கூரையையும் கட்டியவர் கொத்தனார். கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெளி மதிலைக் கட்டியது பவளப் பூச்சி. அது கூலி கேட்பதில்லை. கட்டியதை நாம் இடிக்காமல் இருந்தால் போதும்!