மண் கேட்கும் உரம் எது?

ராகியும் நிலக்கடலையும் விளையும் கர்நாடக மானாவாரி நிலங்களில், யூரியாவைக் கூட்டிப் போட்டும் விளைச்சல் ஏறாதது ஏன்? மண்ணைப் பரிசோதித்தபோது விடை கிடைத்தது. பல இடங்களில் துத்தநாகம், போரான், கந்தகம் போதவில்லை. குழம்பில் உப்பில்லாதபோது புளியைக் கூட்டிப் பயனென்ன? மிஞ்சிய யூரியா மண்ணைப் புளிக்க வைக்கும். நிலத்தடி நீரையும் கெடுக்கும்.

ஆனாலும், காகிதத்தில் எழுதிய கணக்கை விவசாயி உடனே நம்பிவிடுவதில்லை. இது பிடிவாதம் அல்ல. கணக்குப் பொய்த்தால் ஒரு போக விளைச்சலை இழப்பவர் அவர்தானே!

இதை உணர்ந்து நடந்தது, 2009-ல் கர்நாடக அரசு 'இக்ரிசாட்' ஆய்வு நிலையத்தின் துணையுடன் தொடங்கிய 'பூசேதனா' திட்டம். மண் பரிசோதனை முடிவுகளைக் கிராமத்துச் சுவர்களில் எழுதி வைத்தார்கள். உள்ளூர் விவசாயிகளுக்கே பயிற்சி தந்து வழிகாட்டிகளாக்கினார்கள். தேவையான சத்துக்களை மானிய விலையில் கொடுத்தார்கள். பக்கத்து வயல் செழித்ததைக் கண்ட பிறகு, தயங்கியவர்களும் முன்வந்தார்கள்.

2015 முதல் மண்வள அட்டைத் திட்டம் நாடெங்கும் வந்துவிட்டது. ஆனால் அட்டை மட்டும் போதாது. அதில் எழுதிய உரம் விதைப்புக்கு முன் கடையில் கிடைக்க வேண்டும். எடுத்துச் சொல்ல ஆளும் வேண்டும்.

ஊரில் நிலம் வைத்திருக்கும் பெங்களூர்த் தமிழர்களே! அடுத்த முறை போகும்போது, நிலத்தைப் பார்ப்பவரிடம் விளைச்சலோடு மண்ணையும் விசாரியுங்கள்.