வண்டியின் சிறு குறையும் தகுதிச் சான்றும்

கடையாணி விரல் நீளமே உள்ள சிறு பொருள். அது கழன்று விழுந்தால் சக்கரம் அச்சை விட்டு ஓடிவிடும் என்பதை மாட்டு வண்டி ஓட்டிய நம் பெரியோர் நன்கு அறிந்திருந்தனர். ஆதலின் சந்தைக்குப் புறப்படுமுன் அதைத் தொட்டுப் பார்த்த பின்னரே மாட்டைப் பூட்டினர். இன்று நெல் மூட்டையும் காய்கறியும் சரக்கு வேனிலும் டிராக்டரிலும் செல்கின்றன. குடும்பத்தார் காரில் செல்கின்றனர். வண்டி மாறிவிட்டது, தொட்டுப் பார்க்கும் வழக்கமும் குறைந்துவிட்டது. "பின்விளக்கு ஒன்றுதானே எரியவில்லை, இதற்காகவா தகுதிச் சான்றை மறுப்பார்கள்?" என்று கேட்போர் பலர். இக்கேள்விக்கு விடை காண்போம்.

வாடகைக்கும் வாணிகத்துக்கும் ஓடும் போக்குவரத்து வண்டிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு கூறுகிறது. சான்று இல்லாத வண்டி, பதிவே இல்லாத வண்டிக்குச் சமமாகக் கருதப்படும். வண்டிக்கு எட்டு ஆண்டு ஆகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் சான்றைப் புதுப்பித்தல் வேண்டும். சட்டமும் விதிகளும் கோரும் அனைத்துக்கும் வண்டி அப்போதைக்கு இணங்கி இருக்கிறது என்பதே சான்றின் பொருள். "அனைத்துக்கும்" என்ற சொல்லைக் கவனித்தல் நலம். சிறு குறை, பெரும் குறை என்ற பாகுபாடு இப்பிரிவில் இல்லை. எரியாத பின்விளக்கும் சான்றை மறுக்கப் போதிய காரணமே. எனினும் சான்று மறுக்கப்படும்போது அதற்குரிய காரணத்தை எழுத்து மூலம் பெற உரிமையாளருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டுப் பெற்றால், எதைச் செப்பனிட வேண்டும் என்பது ஐயமின்றி விளங்கும்.

குறைகளைத் தரம் பிரிக்கும் நாடுகளும் உண்டு. பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டு மே 20 முதல் வண்டிக் குறைகளை அபாயமானவை, பெரியவை, சிறியவை என மூன்றாக வகுத்துள்ளனர். சிறிய குறை மட்டும் உள்ள வண்டி தேர்ச்சி பெறும். ஆனால் அக்குறை ஏட்டில் பதியப்படும். விரைவில் செப்பனிடுமாறு உரிமையாளருக்குச் சொல்லப்படும். அங்கே காரின் டயர் 1.6 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால், அது எவ்வகையில் சேரும்? அபாயமான வகையில்! நம் நாட்டு விதியும் காருக்கு அதே 1.6 மில்லிமீட்டரையே எல்லையாக வைத்துள்ளது. நாமோ மொட்டை டயரை "இன்னும் ஒரு போகம் ஓடும்" என்கிறோம்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? குறையின் அளவைப் பழுது பார்க்கும் செலவைக் கொண்டு அளத்தல் தவறு. வண்டி நிற்பதையும், திரும்புவதையும், சாலையைப் பற்றிக்கொள்வதையும், ஓட்டுநர் பிறரைக் காண்பதையும், பிறர் வண்டியைக் காண்பதையும் அது தடுக்கிறதா என்று கேட்டல் வேண்டும். தடுக்கவில்லையெனில், அதாவது பெயிண்டில் கீறல், இருக்கைத் துணியில் கிழிசல், பாடாத ரேடியோ போன்றவை எனில், அவை பாதுகாப்பைக் கெடுக்கா. தடுக்குமெனில், பத்து ரூபாய்ப் பல்பும் பெரும் குறையே.

கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று பின்விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இன்றி இரவில் செல்வதாகக் கொள்வோம். பின்னால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கும். இருளில் 30 மீட்டர் தொலைவில்தான் டிரெய்லர் கண்ணுக்குப் புலப்பட்டால், ஓட்டுபவருக்குக் கிட்டும் நேரம் இரண்டு நொடியே. அவர் நம் ஊர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

பிரேக்கும் அத்தகையதே. மிதியை அழுத்தும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது பிரேக் எண்ணெய். எண்ணெய் கசிந்து குழாயில் காற்று புகுந்தால், காற்று நசுங்குமே தவிர விசையைக் கடத்தாது. இன்று ஒரு சொட்டாகத் தெரியும் கசிவு, நாளை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதற்குக் காரணமாகலாம். டயரின் வரிப்பள்ளங்கள் மழை நீரை ஒதுக்கி வழி செய்கின்றன. அவை தேய்ந்தால் டயர் சாலையை விட்டு நீரின் மேல் வழுக்கும்.

ஆய்வு நாளுக்காக நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, வீடு திரும்பியதும் கழற்றிக் கொடுப்போரும் உளர். சான்று கூறுவது "அப்போதைக்கு" மட்டுமே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வண்டி விதிகளுக்கு இணங்கவில்லை எனக் கண்டால், காலம் முடியுமுன்னரே சான்றை நீக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆனால் விபத்து அதிகாரியின் வருகைக்காகக் காத்திருப்பதில்லை.

சொந்தக் காருக்கும் விவசாய டிராக்டருக்கும் நிலை வேறு. இவை போக்குவரத்து வண்டிகள் அல்ல. ஆதலின் இவற்றின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பின் பதிவைப் புதுப்பிக்கும்போதே ஆய்வு நேரும். அவ்வளவு காலமும் உரிமையாளரே ஆய்வாளர்.

ஆகவே ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். அறுவடைக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், ஊர்ப் பொதுவிடத்தில் வண்டிகளை நிறுத்திப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து விளக்குகளையும் பிரேக்கையும் இயக்க, மற்றொருவர் பின்னின்று நோக்கட்டும். டயரையும், ஸ்டியரிங்கின் ஆட்டத்தையும், டிரெய்லரின் இணைப்பு ஆணியையும் பார்க்கட்டும். இதற்கு வண்டி ஒன்றுக்குக் கால் மணி நேரம் போதும். ஊராட்சிக்கெனச் சொந்த வண்டி இருப்பின் அதையே முதலில் நிறுத்துதல் முறை. கடையாணியைத் தொட்டுப் பார்த்த நம் முன்னோரின் வழக்கம் இவ்வாறு மீண்டும் தழைக்குமாயின், சான்றும் தடையின்றிக் கிட்டும். சாலையில் செல்வோரும் நலமாக வீடு திரும்புவர்.