உங்களுக்குத் தெரியுமா? புயல், மழை, வெயில்

● துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டின் எண் கூடினால் புயலின் வேகமும் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்தைத்தான் சொல்கின்றன. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். 7 என்றால், நேராகத் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். 8, 9, 10க்கும் இதே கணக்கு. புயல் மட்டும் கடுமையானது. 11ஆம் எண்? வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது என்று பொருள்!

● காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் புயலுக்குப் பெயர் வைப்பார்கள். பெயர் இல்லையே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பெயரே கிடையாது. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது.

● ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 20 செ.மீ. பெய்தால் சுமார் 18,500 லிட்டர்; 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஒன்றரை லோடு! ஐப்பசி பிறக்கும் முன்பே மாடிக் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளிவிடுங்கள்.

● ஊழிக்காற்று சட்டென்று அடங்கி, வானம் வெளுத்தால் புயல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. புயலின் கண் தலைக்கு மேல் நிற்கிறது. சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று அடிக்கும். பாதி சாய்ந்த மரம் விழுவது அப்போதுதான்.

● வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் 40 டிகிரி செல்சியஸ் வேண்டும். கடலோரத்துக்கு 37 போதும், அது வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருந்தால். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது.

● சென்னையின் கோடை வெயிலைத் தீர்மானிப்பது கடல்காற்று வந்துசேரும் நேரம். மேற்குக் காற்று வலுத்து, கடல்காற்று பிற்பகலுக்குத் தள்ளிப்போனால் அன்று அனல்தான்.

● மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 3 விநாடிக்கு 1 கி.மீ. தூரம். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் வீட்டுக்குள் போய்விடுங்கள், மரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வரலாம்.

● காற்றும் மழையும் இல்லாத நாளிலும் கடல் திடீரென்று ஊருக்குள் ஏறும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழும் அலைகள் பல்லாயிரம் கி.மீ. கடந்துவந்து செய்யும் வேலை அது. கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘கள்ளக்கடல்’. 2012இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது.

● 60 செ.மீ. ஆழத்தில் ஓடும் வெள்ளம் போதும், பெரும்பாலான கார்களை அடித்துச் சென்றுவிடும். தரைப்பாலத்தில் தண்ணீர் போனால் வண்டியைத் திருப்புவதே புத்திசாலித்தனம்.

● மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மாநில அறை 1070. கடலில் தத்தளித்தால் கடலோரக் காவல்படை 1554. கரண்ட் போய், செல்போன் சார்ஜும் தீர்ந்த பிறகு தேடினால் கிடைக்காது. இன்றே காலண்டர் அட்டையில் எழுதி வையுங்கள்.