வேனுக்கு இரண்டாம் பூட்டு

இங்கிலாந்தின் எந்த நகரத்திலும் விடியற்காலை வேளையில் குடியிருப்பு வீதியொன்றில் நடந்து செல்பவர், வாசல்களில் நிறுத்தப்பட்டிருக்கும் வெள்ளை நிற வேன்கள் சிலவற்றின் பின்கதவில், இரவில் இவ்வண்டிக்குள் கருவிகள் எவையும் வைக்கப்படுவதில்லை என்னும் அறிவிப்பு ஒட்டப்பட்டிருப்பதைக் காண்பார். குழாய் வேலைக்காரரும் மின்சார வேலைக்காரரும் தச்சரும் தத்தம் வண்டிகளில் ஒட்டி வைக்கும் அந்த அறிவிப்பு மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். கதவைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வதில் திருடனுக்குப் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை என்பதே அதில் உள்ள குறை. அந்நாட்டுத் தொழிலாளிக்கு வேன் என்பது வெறும் வாகனம் அன்று. அதுவே அவருடைய பட்டறை, பண்டகசாலை, ஜீவனோபாயம் எல்லாம். துளைக்கருவியும் அறுவைக்கருவியும் களவு போய்விட்டால், அவற்றின் விலை மட்டுமா நஷ்டம்? புதியவை வந்து சேரும்வரை ஒப்புக்கொண்ட வேலைகளும், அவற்றுக்குரிய கூலியும் சேர்ந்தே போகின்றன.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 1965-ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனியார் பிரிட்டனில் வெளியிட்ட டிரான்சிட் என்னும் வேன், வேகத்திலும் உள்ளிட வசதியிலும் அக்காலத்து மற்ற வண்டிகளை விஞ்சி நின்றமையால், லண்டன் வங்கிக் கொள்ளையர்களுக்கு மிகவும் உவப்பான வாகனமாகிவிட்டது என்று 1970-களின் தொடக்கத்தில் போலீசாரே குறைப்பட்டுக்கொண்டனர். அன்று திருடனைச் சுமந்த குலத்தில் பிறந்த வண்டி, இன்று திருடனுக்குப் பயந்து சுவரோரமாக முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது.

வண்டியோடு வரும் பூட்டு போதாது, மேலும் ஒரு பூட்டு வேண்டும் என்று தீர்மானித்துக் கடைக்குப் போகிறவர், பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, இதன் சாவியைக் கள்ளச்சாவியால் வெல்ல முடியுமா என்பதுதான். இக்கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. 1778-இல் ராபர்ட் பேரன் என்னும் ஆங்கிலேயர், பூட்டுக்குள் இருக்கும் நெம்புத் தகடுகளைச் சாவியானது வேண்டிய அளவுக்குத் தூக்க வேண்டும், அதற்குக் குறைந்தாலும் கூடாது, மிஞ்சினாலும் கூடாது என்னும் தத்துவத்தைப் புகுத்தினார். திண்டுக்கல்லில் இன்றும் கையால் செய்யப்படும் லீவர் பூட்டுகள் இதே தத்துவத்தைத் தழுவியவைதாம். 1784-இல் ஜோசப் பிராமா என்பவர் வேறொரு முறையில் பூட்டுச் செய்து, லண்டன் பிக்கடில்லி வீதியிலிருந்த தம் கடைச் சன்னலில் அதை வைத்து, சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி சன்மானம் என்று விளம்பரம் செய்தார். அவர் காலமாகி முப்பத்தேழு ஆண்டுகள் கழியும்வரை அந்தச் சன்மானத்தை வென்றவர் ஒருவரும் இலர். 1851-இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் பூட்டு நிபுணர், அப்போது புகழ்பெற்றிருந்த சப் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்து காட்டிவிட்டுப் பிராமாவின் பூட்டுக்கு முன் வந்து உட்கார்ந்தார்; பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். அதற்கடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய முளைப்பூட்டுத்தான் இன்று நம் வீட்டு வாசற்கதவுகளிலும் இருக்கிறது; ஐந்து முளைகளும் ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்களும் இருக்குமாயின், கணக்குப்படி 7,776 வெவ்வேறு சாவிகள் அமையும். 1907-இல் பின்லாந்து தேசத்து எமில் ஹென்ரிக்சன், கல்லாப்பெட்டி யந்திரங்களைப் பழுதுபார்த்த அனுபவத்தைக் கொண்டு, முளைகளுக்குப் பதிலாகச் சுழலும் வட்டத் தகடுகளை வைத்துப் பூட்டு அமைத்தார். ஆப்ளாய் என்று பெயர் பெற்ற அப்பூட்டில் வில்லே கிடையாது.

இந்தச் சரித்திரம் படிக்கச் சுவையானதுதான். ஆனால் வேன் திருடன் ஹாப்ஸ் அல்லன். 51 மணி நேரம் இருக்கட்டும், ஐந்து நிமிஷங்கூட ஒரே வீதியில் நின்று வேலை செய்ய அவனுக்குத் துணிவு இராது. அவன் சாவித்துவாரத்துக்குள் கம்பியை நுழைத்துச் சாதுரியம் காட்டுகிறவனும் அல்லன். கதவில் எந்த இடம் மெலிந்தது என்று பார்த்து அங்கே பலத்தைப் பிரயோகிக்கிறவன். ஆகையால் நாமும் சாவியை மறந்துவிட்டுக் கதவைப் பார்ப்போம்.

வேனின் கதவை மூடும்போது உண்மையில் நடப்பது இதுதான்: கதவின் விளிம்பில் உள்ள நண்டுக்கால் போன்ற சிறு கொண்டியொன்று, வண்டிச் சட்டத்தில் பதித்த வளைகம்பியை, அதாவது நாதாங்கியை, கவ்விக்கொள்கிறது. பூட்டுவது என்பது, வெளிக் கைப்பிடியை இழுத்தாலும் அந்தக் கொண்டி விடாதபடி இடையிலுள்ள கம்பிகளையும் நெம்புகளையும் துண்டித்து வைப்பதேயன்றி வேறில்லை. இக்காரணத்தால், கைப்பிடிக்குக் கீழே கதவின் வெளித்தகட்டைக் குத்தித் துளையிட்டு உள்ளிருக்கும் நெம்பைத் தள்ளிவிடுகிறவனுக்கும், ஓட்டுநர் பக்கத்துச் சாவித்துவாரத்தை இரும்புக் கருவியால் முறுக்கி உடைக்கிறவனுக்கும் கொண்டி தானாகவே வழிவிட்டுவிடுகிறது. பல வண்டிகளில் முன்னறைக்குள் புகுந்தவன் அங்குள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் பின்கதவுகளும் திறந்துகொள்ளும்; சௌகரியத்துக்காகச் செய்த ஏற்பாடு அது, யாருடைய சௌகரியத்துக்கு என்று மட்டும் யோசிக்கவில்லை போலும்.

சத்தமே இல்லாத வழியும் ஒன்று உண்டு. ரிமோட் சாவியின் பொத்தானை அழுத்தும்போது ஐரோப்பாவில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு ரகசியச் சொல் வண்டிக்குப் போகிறது. ஒருமுறை சொன்ன சொல் மறுமுறை செல்லாதபடி அதை ஒவ்வொரு தடவையும் மாற்றும் ஏற்பாடு உண்டாகையால், அதை ஒட்டுக்கேட்டுத் திருப்பிச் சொல்வது எளிதன்று. ஆனால், திருடன் அதை ஒட்டுக்கேட்க வேண்டியதே இல்லை. அதே அலைவரிசையில் ஓயாமல் இரைச்சல் எழுப்பும் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் போதும். திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கு அருகில் நின்று பேசுகிறவனுடைய குரலைப்போல, சாவியின் சொல் வண்டியின் காதில் விழாமலே போகிறது. உடைமைக்காரர் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்துவிடுகிறார். கதவு பூட்டப்படாமலே இருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் முரட்டுத்தனமானதும், பௌதிக சாஸ்திர மாணவனுக்கு மிக நல்ல பாடமானதும், பக்கவாட்டுக் கதவை மேலிருந்து உரித்து மடக்கும் முறையாகும். நகரும் பக்கக்கதவோ பின்கதவோ, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பூட்டு பெரும்பாலும் கதவின் நடு உயரத்தில் இருக்கிறது. மேல்விளிம்பை இறுகப் பற்றிக்கொள்வது ரப்பர்ப் பட்டையைத் தவிர ஏதும் இல்லை எனலாம். அந்த விளிம்பில் விரல்களைக் கோத்து, முழங்காலைக் கதவின் நடுவில் ஊன்றி, 70 கிலோ எடையுள்ள ஒருவன் தன் எடை முழுவதையும் பின்னோக்கிச் செலுத்துவானாயின், அவ்விசை ஏறத்தாழ 700 நியூட்டன் ஆகும். பூட்டு அங்கிருந்து 70 சென்டிமீட்டர் கீழே இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், அவ்விடத்தில் கதவை மடக்கும் திருப்புத்திறன் 490 நியூட்டன்-மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கழியைச் சுவரில் செருகி அதன் நுனியில் 50 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டதற்கு இது சமம். இதை எதிர்த்து நிற்க வேண்டியதோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள எஃகுத் தகடும் அதன் உட்புறத்து மெல்லிய சட்டமும்! தகட்டின் வளையாமை அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவது. கனத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு உறுதி கிட்டும். ஆனால், வண்டி செய்கிறவர் எடைக்கும் எரிபொருளுக்கும் அஞ்சிக் கனத்தைக் குறைக்கத்தான் பார்ப்பாரேயன்றிக் கூட்டமாட்டார். கதவு வாழைமடல் போல மடிந்துவிடுகிறது. பூட்டு மட்டும் கடைசிவரை பூட்டியபடியே இருக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் முதற்பாடம், இரண்டாவது பூட்டு எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும் அது எங்கே பொருத்தப்படுகிறது என்பதே முக்கியம் என்பதாகும். மேல்விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டரில் ஒரு பூட்டு இருக்குமாயின், மேலே சொன்ன திருப்புத்திறன் ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. பழைய பூட்டுக்குப் பக்கத்திலேயே புதியதையும் வைத்துக்கொள்வது, ஒரே தூணுக்கு இரண்டு காவற்காரரை நிறுத்திவிட்டு மதிற்சுவரைக் காவலின்றி விடுவதற்கு ஒப்பாகும்.

இனிப் பூட்டின் இனங்களுக்கு வருவோம். டெட்லாக் என்று அந்நாட்டுத் தொழிலாளிகள் வழங்குவது, வண்டியின் சொந்தப் பூட்டோடு யாதொரு சம்பந்தமும் இன்றித் தனிச் சாவியால் தனித் தாழை நீட்டும் பூட்டு. ரிமோட்டின் இரைச்சலோ, முன்னறைப் பொத்தானோ, கைப்பிடிக்குக் கீழே இட்ட துளையோ அதைத் தொடுவதில்லை. இதிலும் தாழ் நேராக நீளும் வகையைவிட, நுனி கொக்கியாக வளைந்து சட்டத்திலுள்ள குழிக்குள் மாட்டிக்கொள்ளும் வகையே மேலானது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், கதவையும் சட்டத்தையும் கடப்பாரையால் விலக்கும்போது நேரான தாழ் குழியைவிட்டு நழுவிவிடக்கூடும், கொக்கியோ மேலும் இறுகும். மற்றொன்று ஸ்லாம்லாக்: கதவை அறைந்து மூடிய கணத்திலேயே தானாகப் பூட்டிக்கொள்வது, சாவியின்றித் திறக்க முடியாதது. மூன்றாவதாக, வெளிப்புறத்தில் கனத்த நாதாங்கி அமைத்து, வளையம் உள்ளே மறைந்திருக்கும் வட்ட வடிவப் பூட்டு ஒன்றை மாட்டுவதும் உண்டு. அழகுக்குச் சற்றுப் பங்கமாயினும், தூரத்திலிருந்தே திருடன் கண்ணில் படுவதும், வெட்டுக்கத்தரிக்கு வளையத்தைக் காட்டாதிருப்பதும் அதன் விசேஷங்கள். கைப்பிடியைச் சுற்றி எஃகுக் கவசத்தகடு பதிப்பது துளையிடும் திருடனுக்கு மாத்திரம் மருந்து.

இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பது, எந்தச் செருப்பு சிறந்தது என்று காலைக் காட்டாமல் கேட்பது போன்றது. ஒரு நாளில் நூறு வீடுகளுக்குப் பொட்டலம் கொண்டு கொடுக்கும் ஓட்டுநரிடம் அருமையான டெட்லாக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் பத்து வீடுகளில் அவர் சாவியைத் திருப்புவார். மழை பிடித்துக்கொண்ட பிறகு, இரண்டு நிமிஷத்தில் வந்துவிடப் போகிறோமே என்று சும்மா சாத்திவிட்டு ஓடுவார். பூட்டப்படாத டெட்லாக் கதவில் தொங்கும் எடை மட்டுமே. அவருக்கு ஏற்றது ஸ்லாம்லாக். மாறாக, காலையில் ஒரு வீட்டின் முன் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரே பகலில் நாற்பது தடவை ஆணிக்கும் குழாய்க்குமாக வண்டிக்குள் ஏறியிறங்கும் குழாய் வேலைக்காரருக்கு ஸ்லாம்லாக்கைப் பொருத்தினால், சாவியை உள்ளே பலகைமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நின்று தவிக்கும் நாள் ஒன்று நிச்சயம் வரும். வந்த பிறகு அவரே கயிறு கட்டிக் கதவைச் சாத்தவிடாமல் வைப்பார். இரவில் ஒரு தடவை நிதானமாகத் திருப்பும் கொக்கிப் பூட்டே அவருக்கு உகந்தது. பூட்டு நிபுணர்கள் உலோகத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். பூட்டுகிற மனிதனுடைய பழக்கத்தைப் பற்றி இவ்வளவாவது பேசினால் நல்லது.

பொருத்துகிற வேலையிலும் கவனம் வேண்டும். கதவுத் தகட்டைத் துளைக்கும்போது துத்தநாகப் பூச்சும் வர்ணமும் அறுபட்டு, வெறும் எஃகின் விளிம்பு மழைக்குத் திறந்துவிடுகிறது. அவ்விளிம்புக்கு உடனே காப்புப்பூச்சு தடவாவிட்டால், திருடன் செய்ய முடியாததைத் துரு நாலைந்து குளிர்காலங்களில் செய்து முடிக்கும். உள்ளே மின்கம்பிகள் ஓடும் தடம் அறியாமல் துளையிடலாகாது. வாடகைக் குத்தகைக்கு எடுத்த வண்டியாயின் உடைமைக்காரருடைய சம்மதம் பெற்றாக வேண்டும். சரக்கறைக்குள் உதவியாள் இருக்கும்போது வெளியே டெட்லாக்கைத் திருப்பிவிட்டால், உள்ளிருந்து திறக்க வழியிராத அமைப்புகள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. முன்னறைக்கும் சரக்கறைக்கும் நடுவே உறுதியான தடுப்பு இல்லாத வண்டியில், பின்கதவுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியே வாசலாகிவிடும்.

பூட்டின் தரத்துக்கு விற்பவர் சொல்லையே நம்ப வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து 1969-இல் பெர்க்ஷயரிலுள்ள தாச்சம் என்னும் ஊரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையமும், 1992-இல் போலீசாரின் முயற்சியால் தோன்றிய சோல்ட் செக்யூர் என்னும் ஸ்தாபனமும் பாதுகாப்புச் சாதனங்களைப் பரீட்சித்துச் சான்று வழங்குகின்றன. சோல்ட் செக்யூரின் பரீட்சையாளர் திருடனுடைய கருவிகளையே கையில் எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி தாக்குவார்.

பிரிட்டனில் வேன் வைத்துத் தொழில் நடத்தும் தமிழன்பர் எவரேனும் இதை வாசிப்பாராயின், அவருக்கு ஒரு வார்த்தை. புதுப் பூட்டோடு, சாவியின் எண் பொறித்த சிறு அட்டையொன்று வரும். அந்த எண்ணைக் கொண்டு புதுச்சாவி செய்துவிட முடியுமாகையால், அட்டையையும் மாற்றுச்சாவியையும் வண்டிக்குள் வைக்காமல் அன்றைக்கே வீட்டுக்குள் எடுத்துச் சென்றுவிடுங்கள்.