உங்களுக்குத் தெரியுமா?

கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம், தாலிக்குத் தங்கம் தந்த திருமண உதவித் திட்டத்திலிருந்து பிறந்தது!

• அன்று பட்டதாரிப் பெண்ணின் திருமணத்துக்கு 50,000 ரூபாய், 8 கிராம் தங்கம். 2022இல் அந்த நிதி படிப்புக்குத் திரும்பியது. திட்டத்துக்குச் சூட்டப்பட்டிருந்த, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் மட்டும் மாறவில்லை. பெண்களின் படிப்புக்கு உதவுவதே அவருக்குப் பொருத்தமான மரியாதை.

• புதுமைப் பெண் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்: 2023 பிப்ரவரி 8, பட்டாபிராம் இந்துக் கல்லூரி.

• பணம் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் உண்டு.

• 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மகள் கல்லூரியில் சேர்கிறாளா? அங்கேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.