இரண்டு நொடிக் குரல்

1964-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆர். கான்ராட் என்ற உளவியலாளர், நினைவாற்றலில் நேரும் பிழைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். திரையில் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும். ஆறு எழுத்துகள் முடிந்ததும் பார்த்தவர் அதே வரிசையில் எழுத வேண்டும். ‘வி’யைப் பார்த்தவர்கள் ‘பி’ என்று எழுதினார்கள். ‘எஸ்’ இருந்த இடத்தில் ‘எஃப்’ வந்தது. வடிவத்தில் இவை ஒன்றுபோல இல்லை, காதுக்குத்தான் ஒன்றுபோல் கேட்கும். அங்கே யாரும் எதையும் உரக்கச் சொல்லவில்லை. கண் பார்த்த எழுத்தை மனம் தானாகவே ஒலியாக்கி வைத்துக்கொண்டிருந்தது!

குறுகிய கால நினைவு என்றதும் பலருக்கு ‘ஏழு’ என்ற எண் நினைவுக்கு வரும். 1956-இல் ஜார்ஜ் மில்லர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் விளைவு அது. ஒரே மூச்சில் நினைவில் நிற்பவை ஏழு, இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்றார் அவர். ஆனால் எவை ஏழு? 1975-இல் ஆலன் பேட்லியும் சக ஆய்வாளர்களும் நாடுகளின் பெயர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். சாட், கியூபா, மால்டா போன்ற சின்னப் பெயர்கள் எளிதாக நின்றன. செக்கோஸ்லோவாகியா, நிகரகுவா, ஆப்கானிஸ்தான் என்று நீண்டபோது நினைவு தடுமாறியது. ஒருவரால் ஏறத்தாழ இரண்டு நொடியில் சொல்லி முடிக்க முடிகிற அளவே அவர் நினைவில் நின்றது. மனதுக்குள் ஒரு குரல் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு சுற்று முடிவதற்குள் முதல் சொல் தேய்ந்துவிட்டால் அது போயிற்று. (தேய்வதற்குக் காரணம் நேரமா, சொற்கள் ஒன்றோடொன்று மோதுவதா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது.) படிப்பவரை ஒரே சொல்லை முணுமுணுத்துக்கொண்டே இருக்கச் செய்தால் அந்த உள்குரலுக்கு வேலை செய்ய இடமில்லை. அப்போது நீளச் சொல், குட்டைச் சொல் என்ற வேறுபாடும் மறைகிறது.

என்னை மிகவும் பாதித்தது வேல்ஸ் நாட்டுக் குழந்தைகளின் கதை. வெல்ஷ் மொழியில் நடந்த அறிவுத்திறன் சோதனையில், கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லும் பகுதியில் அவர்கள் பின்தங்கினார்கள். 1980-இல் எல்லிஸ், ஹென்னெலி என்ற இருவர், இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். வெல்ஷ் எண்ணுப்பெயர்களில் உயிரொலிகள் நீண்டு ஒலிப்பதால் அவற்றைச் சொல்லக் கூடுதல் நேரமாகிறது. ஒரே ஆள் ஆங்கிலத்தில் நினைவில் வைத்த அளவுக்கு வெல்ஷில் வைக்க முடியவில்லை. உள்குரலைத் தடுத்ததும் அந்த வேறுபாடு மறைந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஒலியை நேரத்தால் அளந்த இலக்கணம் படித்த நமக்கு இது உடனே புரியும். அந்தக் குழந்தைகளின் அறிவில் எந்தக் குறையும் இல்லை. எண்ணிக்கையை மட்டுமே பார்த்த மதிப்பெண்தான் அவர்களுக்கு அநீதி செய்தது. ஒன்று முதல் ஒன்பது வரை ஓரசையில் முடியும் எண்ணுப்பெயர் ஒன்றுகூட இல்லாத தமிழில் குழந்தைகளைச் சோதிப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய குரல் எதற்கு? பக்கவாதத்துக்குப் பின், கேட்ட ஒலியை மனதில் பிடித்து வைக்கும் இந்த ஆற்றலை இழந்த இத்தாலியப் பெண் ஒருவரை ஆய்வாளர்கள் பி.வி. என்று குறிப்பிடுகிறார்கள். காதால் கேட்டவற்றில் இரண்டு மூன்றுக்கு மேல் அவரால் திருப்பிச் சொல்ல முடியாது. ஆனாலும் இயல்பாக வாழ்ந்தார். பேச்சிலும் பெரிய தடங்கல் இல்லை. தெரிந்த இத்தாலியச் சொற்களை இணை இணையாகச் சொன்னால் மற்றவர்களைப் போலவே கற்றுக்கொண்டார். ஆனால் முன்பின் கேட்டிராத ரஷ்யச் சொற்களைக் காதால் கேட்டபோது, எத்தனை முறை சொல்லியும் ஒன்றுகூட அவரிடம் தங்கவில்லை. தெரிந்த சொல்லுக்குப் பொருள் துணை நிற்கும். புதுச் சொல்லுக்கு ஒலி ஒன்றே பிடிமானம், அதைப் பிடித்து வைப்பது இந்தக் குரல்தான். பொருளில்லாத புதுச் சொற்களைக் கேட்டவுடன் பிசகாமல் திருப்பிச் சொல்லும் நான்கு வயதுக் குழந்தைகள், ஓராண்டு கழித்து மற்றவர்களைவிட அதிகச் சொற்கள் அறிந்திருந்ததை சூசன் கேதர்கோலும் பேட்லியும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.